மாலை கழற்றிய மறுநாள்: காவிரிப் படுகையின் ஊர்ப் பெரியோர்களுக்கு ஒரு திறந்த மடல்

காவிரிப் படுகை ஊர்களின் கோயில் அறங்காவலர்கள், நாட்டாண்மைகள், மீனவக் கிராமப் பஞ்சாயத்தார், ஜமாஅத் நிர்வாகிகள், பங்குப் பேரவை உறுப்பினர்கள், ஐயப்ப பக்தர் குழுக்களின் குருசாமிகள் ஆகிய பெரியோர்களுக்கு வணக்கம்.

நான் அரசு மருத்துவமனைகளில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். பணிக்காலத்தின் பெரும்பகுதி ஆண்கள் மருத்துவப் பிரிவில் கழிந்தது. இப்போது குடிநோயாளிகளின் குடும்பத்தாரோடு உட்கார்ந்து பேசும் வேலையை இயன்ற அளவில் செய்துவருகிறேன். மதுக்கடைகளை மூட வேண்டும் என்று கேட்பதற்காக இம்மடலை எழுதவில்லை. 1983-இல் தொடங்கப்பட்டு 2003-இன் இறுதியில் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்ட டாஸ்மாக் நிறுவனத்தைப் பற்றிய கோரிக்கைகளை அரசிடம் வைப்பதற்குக் கட்சிகளும் மாதர் அமைப்புகளும் இருக்கின்றன. உங்களிடம் கேட்க எனக்கு வேறொன்று இருக்கிறது. அதை உங்களைத் தவிர வேறு யாராலும் செய்ய இயலாது என்பதால்தான் பெயர் சொல்லி அழைக்காமல் உங்கள் எல்லோரையும் சேர்த்து விளிக்கிறேன்.

கார்த்திகை முதல் தேதி விடியற்காலையில் ஆற்றிலோ குளத்திலோ முழுகிவிட்டுக் குருசாமியின் கையால் துளசிமணி மாலை அணிந்துகொள்ளும் ஆண்களில், முந்தின நாள் இரவு வரை குடித்தவர்களும் உண்டு என்பது நீங்கள் அறியாததன்று. அன்று முதல் அவருடைய பெயர் போய்விடுகிறது; மனைவி, மகன், முதலாளி, பங்காளி, பகையாளி என அனைவருக்கும் அவர் ‘சாமி’. டீக்கடையில் அவருக்கென்று ஒரு கிளாஸ் தனியாகக் கழுவி வைக்கப்படுகிறது. மாலை ஆறரை மணிக்கு, அதாவது கால்கள் தாமாகவே கடைப்பக்கம் திரும்பும் அதே வேளையில், அவர் பஜனை மடத்தில் சரணம் சொல்லிக்கொண்டு நிற்கிறார். நேற்றுவரை வாய்க்கால் மதகடியில் கூட உட்கார்ந்தவர்கள் இன்று அவரைக் கண்டால் பாட்டிலை வேட்டிக்குள் மறைக்கிறார்கள். ‘வா, ஒரு கட்டிங் போடலாம்’ என்று யாரும் அழைப்பதில்லை. அழைத்தால் அழைத்தவனைத்தான் ஊர் திட்டும். நம் பக்கத்தில் ஓர் ஆண் குடிக்க மறுப்பதற்கு மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளப்படும் காரணம் அநேகமாக இது ஒன்றுதான். ‘டாக்டர் வேண்டாம்னுட்டாரு’ என்றால் சிரிக்கிறார்கள். ‘மாலை போட்டிருக்கேன்’ என்றால் விலகி வழி விடுகிறார்கள்.

ஐயப்ப விரதத்தைத்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிய நாள் முதல் காப்பு அவிழ்க்கும் வரையிலும், எட்டுக்குடிக்குக் காவடி எடுக்க நேர்ந்துகொண்ட நாட்களிலும், வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்து போகும் வழியிலும், தவக்காலத்தின் 40 நாட்களிலும், ரமலான் மாதம் முழுவதிலும் குடியைத் தொடாமல் இருக்கும் மனிதர்களை உங்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும். மருத்துவமனையில் எத்தனையோ முறை சேர்த்தும் ஒரு வாரம் தாங்காதவர், விரதத்தில் 41 நாள் தாங்கிவிடுகிறார். இதைப் பார்த்துவிட்டு, ‘மனசு வச்சா முடியுது, அப்புறம் மனசு வைக்க மாட்டேங்கிறான்’ என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது. எனக்கு அந்த முடிவில் உடன்பாடு இல்லை. 42-ஆம் நாள் அவருடைய பக்தி குறைந்துவிடவில்லை. படம் பூஜையறையில்தான் இருக்கிறது, திருநீறும் நெற்றியில்தான் இருக்கிறது. அன்று மாறியவர்கள் நாம். ‘சாமி’ என்ற சொல் நின்றுபோய்ப் பழைய பட்டப்பெயர் திரும்பி வருகிறது. பஜனை மடம் பூட்டப்படுகிறது. மலைக்குப் போய் வந்த களைப்புக்கு என்று மதகடியில் ஒருவர் காத்திருக்கிறார். விரதத்தில் அவரைத் தாங்கியதில் இறைவனின் பங்கு எவ்வளவு, ஊரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. ஊரின் பங்கு எந்த நாளில் நின்றுபோகிறது என்பதை மட்டும் நிச்சயமாகச் சொல்ல முடியும்.

விரதத்தின் முடிவுக்கு வருமுன் அதன் தொடக்கத்தைப் பற்றி ஒரு செவிலியராக நான் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று இருக்கிறது. பல ஆண்டுகளாக நாள்தோறும் குடித்துவந்த உடல், திடீரென்று நிறுத்தினால் அதைத் தாங்காது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே கைநடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தொடங்கும். முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும். 2 முதல் 4 நாட்களுக்குள் சிலருக்குச் சித்தம் கலங்கி, இல்லாதவை கண்ணுக்குத் தெரியும், காதில் கேட்கும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும் நிலை இது. கார்த்திகை முதல் வாரத்தில் கழுத்தில் மாலையோடு அப்படிச் சேர்க்கப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை ஆடும். படுக்கை விரிப்பில் எறும்பு ஊர்வதாக எண்ணி ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருப்பார். வாசலில் நிற்பவர்கள் ‘சாமி இறங்கியிருக்கு’ என்றோ ‘தீட்டுப் பட்டிருக்கு’ என்றோ பேசிக்கொள்வார்கள். அவருக்கு அப்போது வேண்டியது வைட்டமின் பி1 ஊசியும், நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மருந்தும், இரவு முழுவதும் பக்கத்தில் ஓர் ஆளும்தான். அவற்றைக் கொடுக்க மாலையைக் கழற்ற வேண்டியதில்லை.

ஆகவே குருசாமிகளிடம் என் முதல் வேண்டுகோள்: மாலை போட வருபவரைத் தனியே அழைத்து, காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா, அந்த நடுக்கத்தை நிறுத்தவே குடிக்க வேண்டியிருக்கிறதா, முன்பு நிறுத்திப் பார்த்தபோது வலிப்பு வந்ததா என்று கேளுங்கள். ஆம் என்றால், கார்த்திகைக்கு ஒரு வாரம் முன்பே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். விரத காலத்தில் மருந்து சாப்பிடுவது விரத பங்கம் ஆகாது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாங்கள் நூறு முறை சொல்வதைவிட அது எடுபடும். பள்ளிவாசல் இமாமும் பங்குத்தந்தையும் தங்கள் மக்களிடம் இதையே சொல்லலாம். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பதை அவர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, மறுநாளைப் பற்றி.

இன்று உலகெங்கும் இருக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற குடிநோயாளிகளின் கூட்டமைப்பு எப்படித் தோன்றியது என்பதை உங்களில் சிலர் அறிந்திருக்கலாம். 1935-ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில், வந்த வியாபாரம் முறிந்துபோன நிலையில் பில் வில்சன் என்பவர் ஒரு ஹோட்டல் கூடத்தில் நின்றார். குடியை நிறுத்திச் சில மாதங்களே ஆகியிருந்தன. அங்கேயே மதுக்கூடமும் இருந்தது. அவர் மதுக்கூடத்துக்குள் போகாமல், கூடத்தில் இருந்த தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியில் அழைத்தார். தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியிடம் பேச வேண்டும் என்று கேட்டார். எடுத்த போதகர் உபதேசம் செய்யவில்லை; தமக்குத் தெரிந்தவர்களின் பெயர்களைக் கொடுத்தார். அந்தப் பெயர்களின் வழியாகவே பாப் ஸ்மித் என்ற மருத்துவரை வில்சன் சந்தித்தார். ஸ்மித்தும் குடிநோயாளிதான். அவர் கடைசியாகக் குடித்த நாள் என்று கருதப்படும் ஜூன் 10-ஐத்தான் அந்த அமைப்பு தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. அந்தப் போதகர் யாரையும் குணப்படுத்தவில்லை. தவிக்கும் ஒருவரை இன்னொருவரிடம் சேர்ப்பித்தார், அவ்வளவே. உங்களிடம் நான் கேட்பதும் அதுதான்.

வாரத்தில் ஒரு நாள், மாலை ஆறரை மணி முதல் எட்டு மணி வரை, ஊர்ப் பொதுவில் ஓர் அறை வேண்டும். கோயில் கல்யாண மண்டபத்தின் பின்கட்டு, பஜனை மடம், மதரசாவின் ஒரு வகுப்பறை, பங்குப் பள்ளியின் திண்ணை, எதுவானாலும் சரி. ஒரு பாய், ஒரு விளக்கு, ஒரு பானைத் தண்ணீர் போதும். குடியை விட்டவர்களும் விட விரும்புபவர்களும் அங்கே உட்கார்ந்து தங்கள் கதையைத் தாங்களே பேசிக்கொள்வார்கள். நிர்வாகிகள் உள்ளே வர வேண்டியதில்லை. வருகைப் பதிவேடு கூடாது. அங்கே கேட்டது வெளியே போகக் கூடாது. சேர்வதற்குக் கட்டணம் கிடையாது, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. திருச்சி, தஞ்சாவூர் போன்ற நகரங்களில் இருப்பவருக்கு இத்தகைய கூட்டத்துக்குப் போய்வருவது எளிது. ஆனால் வேதாரண்யத்துக்கு அப்பாலோ கோட்டூருக்கு உள்ளேயோ இருக்கும் ஒருவர் கடைசிப் பேருந்தை விட்டுவிட்டு அங்கே போய் உட்கார முடியாது. மேட்டூரில் ஜூன் 12 அன்று மதகு திறந்த செய்தி பத்திரிகையில் வந்துவிட்டதாலேயே கடைமடை வயல் நனைந்துவிடுவதில்லை என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா? 2019-இல் வெளியான தேசிய அளவிலான கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெற்றிருக்கிறார். மீதி 37 பேரும் ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு தெருவில்தான் இருக்கிறார்கள்.

இத்தகைய கூட்டங்களால் பயன் உண்டா என்று படித்தவர்கள் கேட்பார்கள். 2020-இல் வெளிவந்த காக்ரேன் மருத்துவ ஆய்வுத் தொகுப்பு, 10,565 பேர் பங்கேற்ற 27 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில், கூட்டங்களோடு இணைத்துவிடும் முறையான சிகிச்சை, மனநல நிபுணர்களின் மற்றச் சிகிச்சைகளுக்குச் சமமாகவோ மேலாகவோ பலன் தந்ததாக அது முடிவு சொன்னது. எப்படிப் பலிக்கிறது என்று ஆராய்ந்தவர்கள், பழகும் வட்டம் மாறுவதும் ‘என்னால் முடியும்’ என்ற உறுதி வளர்வதுமே பெரும் காரணங்கள் என்றும், நோய் முற்றியவர்களிடம் ஆன்மிகத்தின் பங்கு கூடுதலாகத் தெரிகிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். பஜனை மடத்தில் நிற்கும் சாமியை ஒரு மண்டலம் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

இடம் கொடுப்பது எளிது. அதில் யார் உட்காரலாம் என்பதுதான் கடினம். கோயில் மண்டபம் என்றால் காலனிக்காரர் உள்ளே வருவாரா, வந்தால் எல்லோருக்கும் சமமாகப் பாயில் உட்காருவாரா, அல்லது கதவோரம் நிற்பாரா? நம் படுகையில் வயல் வேலையின் களைப்புக்கும், சாக்கடை இறங்குவதற்கும், பிணக்குழி வெட்டுவதற்கும், தப்பு அடிப்பதற்கும் கூலியோடு குவார்ட்டர் வாங்கிக் கொடுத்து ஒரு சாராரை நாமே குடிக்கப் பழக்கியிருக்கிறோம். பிறகு அவர்கள் குடிப்பதைக் காட்டியே அவர்களை இகழ்கிறோம். எல்லாத் தெருக்காரரும் சமமாக உட்கார முடியாத மண்டபம் என்றால் அந்த மண்டபம் வேண்டாம். ஊராட்சிக் கட்டடத்தையோ பள்ளிக்கூடத்தையோ கேட்டு வாங்குங்கள். இரண்டு தெருவுக்கு இரண்டு கூட்டம் என்ற யோசனையை மட்டும் தயவுசெய்து கொண்டுவராதீர்கள். குடிநோய் எல்லாத் தெருவிலும் ஒரே மாதிரிதான் ஈரலைத் தின்கிறது.

கடவுளை நம்பாதவர்களும் நம் பக்கத்தில் உண்டு. திருவாரூர், நாகப்பட்டினம் பகுதியில் சிவப்புக் கொடியும் கருப்புச் சட்டையும் இல்லாத ஊர் எது? அவர்களும் குடிக்கிறார்கள், அவர்களும் விடவே விரும்புகிறார்கள். மேற்சொன்ன கூட்டமைப்பின் 12 படிகளை எழுதியபோதே நம்பிக்கையற்ற உறுப்பினர்கள் வற்புறுத்தியதால், ‘இறைவன்’ என்ற இடத்தில் ‘நாங்கள் புரிந்துகொண்ட வகையிலான இறைவன்’ என்று சேர்த்தார்கள். ஒருவருக்கு அது முருகன், ஒருவருக்கு அல்லாஹ், ஒருவருக்குச் சுற்றி உட்கார்ந்திருக்கும் அந்தக் கூட்டமே. விவசாயத் தொழிலாளர் சங்கக் கட்டடத்தில் கூட்டம் நடந்தாலும் எனக்கு மகிழ்ச்சியே.

ஜமாஅத் பெரியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. குடி மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்பதாலேயே உங்கள் வீடுகளில் அது இன்னும் ஆழமாக மறைக்கப்படுகிறது. மகளின் நிக்காஹ் நின்றுபோகும் என்ற அச்சத்தில் தகப்பனின் நோயை நான்கு சுவருக்குள் வைத்திருந்து, ரத்த வாந்தி எடுத்த பிறகே தூக்கிவருகிறார்கள். நோயைச் சொல்லிக்கொண்டு வருபவருக்கு ஜமாஅத் துணை நிற்கும் என்று ஒரு ஜும்ஆவில் அறிவித்தால், எத்தனையோ வீட்டுக் கதவுகள் திறக்கும்.

கயிறு கட்டுவதையும் சத்தியம் வாங்குவதையும் நான் குறை சொல்லமாட்டேன். அதில் தொடங்கி மீண்டவர்களை எனக்குத் தெரியும். என் கவலை சத்தியம் தவறிய பிறகு நடப்பதைப் பற்றியது. மீண்டும் குடிப்பது இந்நோயின் போக்கில் அடிக்கடி நேர்வது. சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறினால் அவரை நாம் சபையில் நிறுத்தி அபராதம் போடுவதில்லை. சத்தியம் மீறியவரைச் சாமி குத்தத்துக்கு ஆளானவர் என்று ஒதுக்கினால், அவர் அடுத்த முறை நிறுத்த முயலும்போது கோயில் வாசலை மிதிக்கவே அஞ்சுவார். நம்பிக்கையின் பெயரால் அவருக்கு இருந்த ஒரே கதவையும் நாமே அடைத்ததாக ஆகும். கயிறு கட்டும் பூசாரி, அவிழ்ந்தால் மறுபடி வந்து கட்டிக்கொள் என்று சொல்லி அனுப்பலாம்.

இரண்டு ஆபத்துகளை நீங்கள் தடுக்க முடியும். ‘குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்’ என்று சுவர்களிலும் பேருந்துகளிலும் விளம்பரமாகும் பொடிகளை நம்பிப் பெண்கள் சாம்பாரில் கலந்துகொடுக்கிறார்கள். அவற்றில் என்ன கலந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. டைசல்ஃபிரம் போன்ற மருந்து உள்ளே இருக்க, அதை அறியாத மனிதர் மேலே மதுவும் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து இதயமே நின்றுபோகலாம். மற்றொன்று கட்டிவைத்தல். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுவதை முற்றிலும் தடைசெய்கிறது. ஆயினும் ‘மறுவாழ்வு இல்லம்’ என்ற பெயரில் அடித்துப் பூட்டிவைக்கும் இடங்களுக்கு இன்றும் மகனை ஏற்றி அனுப்புகிறார்கள், சில சமயம் ஊர்ப் பெரியவர்களே வண்டி பிடித்துக் கொடுக்கிறார்கள். உரிமத்தைக் கேட்டுப் பார்க்காமல் யாரையும் எங்கும் அனுப்பாதீர்கள்.

நம்பிக்கையும் மருத்துவமும் ஒரே வாசலில் நிற்க முடியும் என்பதற்குத் தொலைவில் தேட வேண்டியதில்லை. மனநோய் தீர 48 நாள் பெருமாள் சன்னதியில் தங்கும் வழக்கமுள்ள குணசீலத்தில், இன்று உரிமம் பெற்ற மனநல மறுவாழ்வு மையமும் இயங்குகிறது. சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை, குடவாசல் வட்டத்து மஞ்சக்குடியில் ஊராரின் ஒத்துழைப்போடு கிராமத்திலேயே குடிநோய் சிகிச்சை முகாம்களை நடத்தியது. அந்த அனுபவம் 1994-இல் பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. முகாமுக்கு வந்தவர் ஊரை விட்டு எங்கோ போய்த் திரும்பியவராக இல்லாமல், ஊர் பார்த்துக்கொண்டிருக்க மீண்டவராக இருந்தார். நம் படுகையில் பிறந்த இந்த முறையை நாமே மறந்துவிட்டோம் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

கேத வீட்டுச் செலவு நோட்டைப் புரட்டிப் பாருங்கள். பூ, பாடை மூங்கில், வெடி, அதற்கடுத்த வரியிலேயே ‘சரக்கு’ என்று ஒரு தொகை இருக்கும். குடியை நிறுத்திப் பல மாதங்கள் ஆன ஒருவர், சொந்தச் சித்தப்பாவின் சாவுக்குப் பாடை தூக்கப் போய், அங்கே கையில் திணிக்கப்பட்ட டம்ளரோடு பழைய இடத்துக்கே போய்ச் சேர்வது எங்களுக்கு வாடிக்கையான செய்தி. கிடாவெட்டும் மொய் விருந்தும் இதற்குக் குறைந்தவை அல்ல. ஊர்க் கூட்டம் போட்டு, கேதத்தில் மது வாங்கிக் கொடுப்பதில்லை, உழைப்பவருக்கு முழுக் கூலியையும் பணமாகவே கொடுப்பது என்று எழுதி வைத்துவிட்டால், அதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. வரிப்பணம் கொடுக்காதவனுக்கு மரியாதை கிடையாது என்று தீர்மானம் போடத் தெரிந்த கமிட்டிகளுக்கு இது பெரிய காரியமா என்ன?

மனைவிமார்களை விட்டுவிட்டு இந்த மடலை முடிக்க இயலாது. கமிட்டிக் கூட்டத்தில் பெண்கள் உட்காருவதில்லை. ஆனால் அந்த 41 நாட்களில் விடியற்காலையில் குளித்துவிட்டுச் சமைத்தவள் அவள்தான், 42-ஆம் நாள் இரவு அடி வாங்குபவளும் அவள்தான். ஆண்களின் கூட்டம் நடக்கும் அதே நேரத்தில் பெண்களுக்கு வேறோர் அறையைத் திறந்துவிடுங்கள். கணவன் திருந்துவதற்காகக் காத்திராமல் அவர்களுக்கே ஆறுதல் வேண்டியிருக்கிறது. 1951-லேயே குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற தனி அமைப்பு உருவாகியிருக்கிறது. நம் ஊர்களில் அதன் வேலையைக் குளத்துப் படித்துறைகள் செய்துவந்தன. வீட்டுக்கு வீடு குழாய் வந்த பிறகு அந்தப் பேச்சும் இல்லை.

ஐப்பசி மாதக் கமிட்டிக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்துப் பேச வேண்டுகிறேன். மாலை போடுபவர்களின் பட்டியலை எழுதும்போதே, மாலை கழற்றிய பிறகு ஒவ்வொருவரையும் வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பது எந்த மூத்த சாமி என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். மலைக்குப் பல முறை போய்வந்தவர் புதியவரின் கையைப் பிடித்து ஏற்றிவிடும் வழக்கம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. கேட்பது அதைத் தை, மாசி, பங்குனிக்கும் நீட்டிக்க வேண்டும் என்பதே. அறிவிப்புப் பலகையில் 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண்ணையும், 14416 என்ற மனநல உதவி எண்ணையும் எழுதி வையுங்கள். முதல் கூட்டத்துக்கு, குடியை விட்டு நெடுநாளான ஒருவரை அழைத்துவந்து பேசவைக்க நகரக் குழுக்களில் இருப்பவர்கள் அணியமாக இருக்கிறார்கள். பேருந்துச் செலவைக்கூட அவர்கள் உங்களிடம் கேட்க மாட்டார்கள். எந்தக் கிழமை, எந்த அறை என்பதை மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.